புதிய கடல்நீர்த் தொட்டியில் பாக்டீரியா குடியேறிய நாட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
காய்ந்த பாறை, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு, பாக்டீரியாவுக்கு உணவாக அமோனியம் குளோரைடு, அமோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும் வரை. எல்லோரும் செய்வதுதான். ஒரு கூட்டம் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இரண்டாவது கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அமோனியா ஒழுங்காக இறங்கியது, நைட்ரைட்தான் அசையவில்லை. ஒவ்வொரு மாலையும் நைட்ரைட் சோதனையில் அதே ஊதா நிறம். பிறகு ஒரு நாள் சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின் முன் பிடித்தேன், வெளிர் நீலம், நைட்ரைட் இல்லை! நம்பாமல் மறுபடி சோதித்தேன், அதே நீலம். தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை, வெறும் பாறையும் தண்ணீரும். ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பவளத்திட்டு:
எனக்கு நினைவில் நிற்பது ஓர் ஓசை. லைவ் ராக் (கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறை) வைத்த முதல் இரவு, விளக்கை அணைத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்றே நினைத்து டார்ச்சுடன் ஓடினேன். பாறைக்குள் ஒளிந்து வந்த, கொடுக்கைச் சொடுக்கிச் சத்தமிடும் பிஸ்டல் இறால்! வழியில் செத்துப்போன கடற்பாசியால் அமோனியா கொஞ்சம் ஏறித் தானே இறங்கியது. இறால் இன்றுவரை முகம் காட்டவில்லை.

அலைவரிசை:
தெரிந்தவர் ஒருவர், மீன் கழிவில் வரும் அமோனியாவால் பாக்டீரியா வளரட்டும் என்று புதுத் தொட்டியில் டாம்செல் மீன்களை விட்டிருந்தார். நான் போனபோது ஒரு மீன் பம்பு நீர் விழும் இடத்திலேயே நின்று, செவுளை அத்தனை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. "டாம்செல் தாங்கும்" என்றார். தாங்குவது வேறு, துடிப்பது வேறு. கடல்நீரின் பிஹெச் 8.2 அளவில் இருப்பதால், பிஹெச் 7 உள்ள நன்னீரைவிட அமோனியாவின் நச்சுப் பங்கு பல மடங்கு அதிகம். அந்தச் செவுள் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆழ்கடல்:
அலைவரிசை சொல்வது முற்றிலும் சரி. ஆனால் உப்புக்காற்று நண்பரே, நைட்ரைட்டுக்காக அத்தனை நாள் காத்திருக்கத் தேவையே இல்லை. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. நன்னீர்க்காரர்களின் பயத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? என் தொட்டியில் அமோனியா இறங்கியதுமே கோமாளி மீன்களை விட்டேன், நன்றாக இருக்கின்றன.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடப் பாறையிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே தண்ணீர் மாற்றினால் போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும், பாறை இடுக்கெல்லாம் நீரோட்டம் போக வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் அவையும் திணறும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினையும் குளோரமினையும் நீக்காமல் ஊற்றாதீர்கள். அமோனியாவை 5 பிபிஎம் தாண்ட விடாதீர்கள், வேலை வேகமாகாது, தேங்கிவிடும். தண்ணீர் பால்போல் கலங்கினால் அது வேறு வகை பாக்டீரியா. அது நிமிடக் கணக்கில் பெருகும். நமக்கு வேண்டிய, அமோனியாவை உண்ணும் நைட்ரோசோமோனாஸ் போன்றவை இரட்டிப்பாகப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பாக்டீரியாவைப் பாட்டிலில் வாங்குவதானால் கடல்நீருக்கானதா என்று பாருங்கள். மீன் விடும்வரை விளக்கு வேண்டாம், பாசிதான் வளரும்.

உப்புக்காற்று:
ஆழ்கடல், குளோரைடு பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நான் காத்திருந்தது மீனுக்குப் பயந்து அல்ல. நைட்ரைட் இறங்கினால்தான் இரண்டாவது கூட்டமும் குடியேறிவிட்டது என்று தெரியும். நைட்ரைட் இருக்கும்போது பல டெஸ்ட் கிட்டுகளில் நைட்ரேட் அளவும் கூடுதலாகத்தான் காட்டும். அடுத்த தொட்டியிலும் அந்த நீலத்துக்காகக் காத்திருப்பேன்.

பவளத்திட்டு:
அந்த இறாலை வெளியே வரவைக்க யாருக்காவது வழி தெரியுமா?