ஹெட்ஃபோன் ஒலியைக் கையாலேயே திருத்துவது: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் (மன்ற இழை; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ஜால்ராச் சத்தம்

பேயர்டைனமிக் டிடி 770, டிடி 990 வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. பாடுபவர் ‘ஸ’, ‘ச’ சொல்லும் இடமெல்லாம் ஊசி குத்துவது அதனால்தான். பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டால் உடனே தெரியும். ஜால்ராவின் உலோக நாதம் அடங்கிய பிறகும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு கீற்று தனியாக நிற்கும்.

இதற்குச் செலவே இல்லை. காதுமெத்தையான பேட்டின் உதடு கப்பின் பள்ளத்துக்குள் செருகியிருக்கும். ஓரிடத்தில் நகம் விட்டுத் தூக்கி, வட்டமாகச் சுற்றிக் கழற்றுங்கள். உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டம் ஒன்று இருக்கும். அதை ஒரு தாளில் வைத்து அளவு வரைந்துகொள்ளுங்கள். முகம் துடைக்கும் டிஷ்யூ பெரும்பாலும் இரண்டு படலமாக வரும். பிரித்து ஒரே ஒரு படலத்தை அந்த அளவில் வெட்டி, ஸ்பாஞ்சுக்கும், ஒலி எழுப்பும் டிரைவரின் மூடிக்கும் நடுவில் வையுங்கள். பசை வேண்டாம், பேட்டின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் கேட்டபின் போதவில்லை என்றால் இரண்டாவது படலம். மூன்றாவதுக்குப் போகாதீர்கள். வயலினில் வில் உரசும் ஒலியும் சேர்ந்து போய்விடும்.

டிஷ்யூவுக்குப் பதில் வேறு துணியோ டேப்போ வைப்பதானால் உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடைபட்டாலும் ஊடே போகவேண்டும். செல்லோ டேப்பில் காற்று போகாது. அதை ஒட்டினால் ட்ரெபிள் என்ற கீச்சு ஒலி மட்டும் குறையாது, மொத்த ஒலியும் குடத்துக்குள் பேசுவதுபோல ஆகிவிடும்.

இது ஸ்டூடியோக்காரர்களின் பழைய வித்தை. யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரில் கீச்சு ஒலி எழுப்பும் ட்வீட்டர் முன்னால் டிஷ்யூ தாள் தொங்கவிட்டு மிக்ஸ் செய்த காலம் உண்டு. 1987-இல் யமஹாவே ட்வீட்டரை மென்மையாக்கி என்எஸ்-10எம் ஸ்டூடியோவைக் கொண்டுவந்தது.

கோவை ஒலிப்பட்டறை

டிஷ்யூ வெட்டுவதற்கு முன்னால் பேட்டைப் பாருங்கள் நண்பர்களே. ‘ஒலி மாறிவிட்டது’ என்று வருவதில் பாதி, பேட் அமுங்கிப் போனதுதான். புதுப் பேட்டில் காதுக்கும் டிரைவருக்கும் இருக்கும் இடைவெளி நாளாக ஆகச் சுருங்கும். அப்போது கனத்த ஒலியான பேஸும் மாறும், ட்ரெபிளும் மாறும்.

ரெக்ஸின் பேட் காற்றை அடைத்துப் பேஸைத் தேக்கி வைக்கும். வெல்வெட் பேட் காற்றைக் கசியவிடும், அடி பேஸ் குறையும். மூடிய கப் ஹெட்ஃபோனில் மூக்குக்கண்ணாடியின் காம்பு போடும் சிறு சந்து போதும், மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) காணாமல் போக. ‘பேஸ் இல்லை’ என்பவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

காது உள்ளே இடிக்கிறது என்றால் 4 மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றைப் பேட்டுக்கு அடியில், பின்கழுத்துப் பக்கத்து அரைவட்டத்தில் மட்டும் வையுங்கள். டிரைவர் லேசாகச் சாய்ந்து காதுக்கு முன்னாலிருந்து பேசும். கயிற்றின் நீளம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

காந்தத்தகடு

ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி பற்றிப் பேசாமல் இந்த இழை நிறையாது. தட்டைப் படலம் முழுதும் ஆடும் பிளேனர் டிரைவர், எம்கே3 மாடல் வரை 50 ஓம், பிரித்துப் பூட்ட எளிது. டேன் கிளார்க் மிஸ்டர்ஸ்பீக்கர்ஸ் என்ற பெயரில் விற்ற மேட் டாக், ஸீஎம்எஃப்பின் தொடக்ககால ஹெட்ஃபோன்கள் எல்லாம் இதன் உடலில் பிறந்தவைதான். வாங்கியபடியே கேட்டால் நடு பேஸ் உப்பலாக இருக்கும், கப்பின் பிளாஸ்டிக் கூடவே அதிரும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு.

பேட்டை இழுத்துக் கழற்றினால் டிரைவர் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரியும். ஸ்டார் திருப்புளி போதும். தகட்டைப் படக்கென்று தூக்கக் கூடாது, உள்ளே ஒயர் குட்டை. புத்தகத்தைத் திறப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்த்துவையுங்கள்.

அதிர்வுக்கு எடை கொடுக்கவேண்டும். எண்ணெய்க் களிமண் அல்லது ப்ளூ-டாக் என்ற ஒட்டும் பசைக்களி ஒரு பக்கத்துக்கு 15 கிராம் எடுத்து, 2 மில்லிமீட்டர் தடிமனில் தட்டி, டிரைவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கிலும் கப்பின் உள்சுவரிலும் அழுத்தி ஒட்டுங்கள். டிரைவரின் ஓட்டைகள் மேல் ஒரு துளியும் படக்கூடாது. ஒட்டியபின் கப்பை விரலால் சுண்டிப் பாருங்கள். முன்பு ‘டொக்’ என்று கேட்டது இப்போது ‘தொப்’ என்று அடங்கவேண்டும். தண்ணீரில் பிசையும் களிமண்ணை வாங்கிவிடாதீர்கள். காய்ந்து வெடித்து உள்ளே துண்டு துண்டாக விழும்.

உப்பலுக்குக் காரணம் கப்பில் இருக்கும் காற்றுச் சந்துகள். உள்பக்கத்திலிருந்து பேப்பர் டேப்பால் பாதியை மூடிக் கேளுங்கள், பிறகு முக்கால், பிறகு முழுதும். முழுதும் மூடினால் பேஸ் இறுகும், ஆனால் அளவும் குறையும். எங்கே நிறுத்துவது என்பதைத் தவில் ஒலி சொல்லிவிடும். அடியின் கனம் இருந்தும் அடுத்த அடியை அது மறைக்காமல் இருந்தால் அதுதான் இடம்.

டிரைவரின் பின்னால் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தைப் பிய்க்காதீர்கள். டிரைவரின் ஆட்டத்தை அடக்குவதே அதுதான், பிய்த்தால் திரும்ப ஒட்டாது.

புதுமுகம் திருச்சி

அண்ணே, கப்புக்குள் பஞ்சு வைக்கவேண்டும் என்கிறார்களே, வீட்டில் தலையணை இலவம் பஞ்சு இருக்கிறது. அது ஆகுமா?

காந்தத்தகடு

வேண்டாம் தம்பி. இலவம் பஞ்சின் இழை குட்டை, வழவழப்பு. ஒன்றோடொன்று பிடிக்காமல் பறக்கும், பறந்து டிரைவருக்குள் போகும். மருந்துக்கடைப் பஞ்சு ரோல் வாங்கு, அதுவே நீள இழை. நகை நிறுக்கும் சின்னத் தராசில் ஒரு கப்புக்கு 1 கிராம் நிறுத்து, விரலால் உதறிப் பரப்பி, கப்பின் அடியில் மட்டும் வை. உள்ளே எதிரொலித்துத் திரும்பும் நடு ஒலியை அது குடிக்கும், குரலில் இருக்கும் பெட்டித்தன்மை குறையும். 3 கிராம் திணித்தால் டிரைவருக்குப் பின்னால் காற்று நகர இடமிருக்காது, ஒலி மூச்சுத்திணறும். அதிகம் வைத்தால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே இல்லை.

ஊசித்துளை

இயர்ஃபோன்காரர்களுக்கு. டைனமிக் டிரைவர் இயர்ஃபோனில் பெரும்பாலும் இரண்டு ஊசித்துளை இருக்கும். காதுக்குள் போகும் குழலின் அருகில் ஒன்று, அது டிரைவருக்கு முன்னால் திறக்கும். ஓட்டின் வெளிமுகத்தில் இன்னொன்று, அது பின்னால் திறக்கும். பார்க்க ஒரே மாதிரி, வேலை நேர்மாறு.

முன்துளையை மூடினால் அடி பேஸ் கூடும். காதுக்குள் சேர்ந்த அழுத்தம் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது, இனிக் கசியாது. பின்துளையை மூடினால் பேஸ் குறையும். டிரைவருக்குப் பின்னால் சிறைப்பட்ட காற்று ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். இதைத் தெரியாமல் கையில் கிடைத்த துளையை மூடிவிட்டு ‘பேஸ் போச்சு’ என்று வருபவர்கள் நிறைய.

மருந்துக்கடை மைக்ரோபோர் டேப்பில் 3 மில்லிமீட்டர் சதுரம் வெட்டி ஒட்டுங்கள். அது காற்றைக் கொஞ்சம் விடும் என்பதால் துளை பாதி மூடியது போல. முழுதாக மூட ப்ளூ-டாக் சின்ன மணி. முன்துளையை முழுதும் அடைத்தால் காதில் செருகும்போது ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வரும். டிரைவரின் மெல்லிய தாள் அழுத்தத்தில் மடங்கும் சத்தம் அது. அடிக்கடி வந்தால் நிரந்தர மடிப்பு விழும், அந்தப் பக்கம் ஒலி குறையும். அதனால் முன்துளைக்கு மைக்ரோபோரோடு நிறுத்துங்கள்.

நாகஸ்வரம் கூசுகிறது என்றால் அது துளை விஷயம் இல்லை, குழல் விஷயம். குழலின் வாயில் உள்ள வலைமேல் பாதியை மறைத்து மைக்ரோபோர் ஒட்டினால் 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றிலும் அதற்கு மேலும் இறங்கும். சிறு உலோக நாக்கு ஆடி ஒலி தரும் ஆர்மேச்சர் இயர்ஃபோனுக்குக் குழலில் செருகும் நோல்ஸ் டேம்பர்கள் உண்டு, நிறமே அளவு. வெள்ளை 680 ஓம், பழுப்பு 1000, பச்சை 1500, சிவப்பு 2200, ஆரஞ்சு 3300, மஞ்சள் 4700. ஒரு நிறம் மட்டும் மேலே ஏறிக் கேளுங்கள். இந்த ஓம் காற்றின் தடை, கரண்டின் தடை இல்லை.

ஈயமும் கம்பியும்

கரண்டின் தடையை நான் சொல்கிறேன். ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் சிலவற்றில் ஒலி மாறும், சிலவற்றில் சத்தம் மட்டும் குறையும். சென்ஹைசர் எச்டி 600 பெயருக்கு 300 ஓம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் அருகே 500 ஓமைத் தாண்டும். 120 ஓம் தொடரில் போட்டால் 300 ஓம் இடத்தில் 2.9 டெசிபெல் விழும், 500 ஓம் இடத்தில் 1.9 தான் விழும். ஆக பேஸ் சுமார் 1 டெசிபெல் தூக்கும். மேலே சொன்ன டி50ஆர்பி பிளேனர், எல்லா இடத்திலும் 50 ஓம்தான். அதில் 75 ஓம் போட்டால் எல்லாமே 8 டெசிபெல் இறங்கும், வேறு எதுவும் மாறாது.

எடிமோட்டிக் இஆர்-4பியை இஆர்-4எஸ் ஆக்கும் வழியும் இதுதான், பக்கத்துக்கு ஒரு 75 ஓம். கால் வாட் மெட்டல் ஃபிலிம் போதும். குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஜாக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடி கிரவுண்ட். ரெசிஸ்டர் நுனி ஒயரிலும் வளைய ஒயரிலும் மட்டும். இரண்டுக்குப் பதில் ஒன்றே போதும் என்று கிரவுண்டில் போட்டுவிட்டால் இடதும் வலதும் ஒன்றில் ஒன்று கலக்கும். நடுவில் நிற்கும் பாடகர் மங்கிப் பின்வாத்தியம் முன்னால் வரும். கிரவுண்ட் முழுதாக அறுந்தால் பாடகரே காணாமல் போவார். அப்படிக் கேட்டால் வேறெதையும் தேடாமல் கிரவுண்ட் பற்றவைப்பைப் பாருங்கள்.

ஹெட்ஃபோன் ஒயரின் இழைகள்மேல் வண்ண வார்னிஷ் இருக்கும், ஈயம் ஒட்டாது. முனையில் ஈயத் துளி வைத்து 350 டிகிரியில் வார்னிஷ் புகைந்து எரியும்வரை பிடியுங்கள். இதை டிரைவரில் பற்றவைக்கும் முன்பே முடித்துவிடவேண்டும். டிரைவரின் முனையில் 2 வினாடிக்கு மேல் சூடு வைத்தால் முடியளவு சுருள்கம்பி விட்டுவிடும்.

கோவை ஒலிப்பட்டறை

எதைச் செய்தாலும் முதலில் ஒரு பக்கம் மட்டும். மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) ஒரே பாட்டைப் போட்டு இடதையும் வலதையும் மாற்றி மாற்றிக் கேட்டால் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சத்தம் குறைந்த பக்கம் எப்போதும் மட்டமாகவே தோன்றும், ஆகவே பேலன்ஸை நகர்த்திச் சமன் செய்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

அளந்தே பார்க்கலாம் என்பவர்களுக்கு: தடித்த அட்டையில் 6 மில்லிமீட்டர் துளை, அதில் 6 மில்லிமீட்டர் எலெக்ட்ரெட் மைக் கேப்சூலை அட்டையின் மட்டத்துக்குச் செருகி, ஹெட்ஃபோனை மேலே கவிழ்த்து, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை ஏறும் ஸ்வீப் ஓட்டுங்கள். எடுத்து வைத்து எடுத்து வைத்து 5 முறை அளந்து சராசரி பாருங்கள். அட்டையில் காது மடல் இல்லை, அதனால் வரைபடத்தின் வடிவத்தை நம்பாதீர்கள். செய்ததற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

புதுமுகம் திருச்சி

அண்ணே, டிஷ்யூ வைத்தபின் வலது கப்பில், மிருதங்கத் தொப்பி அடிக்கும்போது மட்டும் ‘ஸர்ர்’ என்கிறது. டிரைவர் போய்விட்டதா?

காந்தத்தகடு

போகவில்லை தம்பி, பெரும்பாலும் ஒரு முடிதான். கழற்றும்போது உள்ளே விழுந்து டிரைவரின் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும், பேஸில் தாள் அதிகம் ஆடுவதால் அப்போது மட்டும் உரசும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார். இரும்புச் சாமணத்தைக் கொண்டுபோகாதே, காந்தம் வெடுக்கென்று இழுத்துத் தாளைக் குத்திவிடும். மரப் பல்குத்தியின் முனையில் கடுகளவு ப்ளூ-டாக் ஒட்டி, முடியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் தொட்டு மெதுவாக இழு. வாயால் ஊதாதே, எச்சில் படும்.