பெரிய வீடு குழு: வைகாசி அமாவாசை, மொட்டை மாடி, மூலம்

வெள்ளி

அம்மா: நேற்று ராத்திரி மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். ஜாதகம் வேண்டாம், மனப்பொருத்தம் போதும் என்று பேசி முடித்ததுதானே. இப்போது யாரோ கயல் மூல நட்சத்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமனாருக்கு ஆகாதாமே என்று பையனின் அம்மா கேட்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசலாம் என்றிருக்கிறேன். பெரியவர்கள் சொல்லுங்கள்

தங்கம் பெரியம்மா: யார் சொன்னது

அம்மா: அதுதான் தெரியவில்லை அக்கா

தங்கம் பெரியம்மா: என்னிடம் ஏன் அப்படிக் கேட்கிறாய்

அம்மா: அக்கா, நீங்கள்தான் கேட்டீர்கள். நான் யாரையும் சொல்லவில்லை

மாரி மாமா: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கிறார்கள் பாருங்கள்

ராமர் பெரியப்பா: பரிகாரம் இருக்கிறது. ஜோசியரிடம் கேட்டுச் சொல்கிறேன். பதற வேண்டாம்

கயல் அக்கா: பெரியப்பா, எதற்குப் பரிகாரம்? நான் என்ன செய்தேன்

அப்பா: ம்

ராமர் பெரியப்பா: இதோடு இன்னொன்று. அடுத்த சனிக்கிழமை அமாவாசைக்குக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னவர்கள், அதை விசாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். திருச்செந்தூருக்கு எல்லோரும் எப்படியும் வருவீர்கள். இரண்டு தடவை அலைச்சல் எதற்கு

முருகேசன் சித்தப்பா: அண்ணன், தயவுசெய்து மாற்ற வேண்டாம். அமாவாசையன்று ராத்திரி மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு விருச்சிகம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். விசாகத்தன்று முழு நிலா. அதுவும் தேளின் தலைக்குப் பக்கத்திலேயே துலாத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் பாதி விண்மீன்கள் மறைந்துவிடும். வைகாசி அமாவாசையில் நிலா சூரியனோடு ரிஷபத்தில் இருக்கும், தேள் அதற்கு நேர் எதிரே. வருடத்திலேயே அதைப் பார்க்க இதுதான் நல்ல ராத்திரி

மாரி மாமா: செல்வி என்ன கேட்கிறாள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்

முருகேசன் சித்தப்பா: இரண்டும் ஒன்றுதான் மாரி. மூலம் மூலம் என்று இந்த வீட்டில் என் சின்ன வயதிலிருந்து பேச்சு. அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நான்: எனக்குத் தெரியாது

கயல் அக்கா: எனக்கும். அது என் நட்சத்திரம் வேறு

பானு அக்கா லண்டன்: காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன்

முருகேசன் சித்தப்பா: தேளின் வால்தான் மூலம். தலையில் மேலும் கீழுமாக மூன்று விண்மீன்கள் இருக்கும், அது அனுஷம். அடுத்து நெஞ்சில் சிவப்பாக ஒன்று, இரு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று, அது கேட்டை. அங்கிருந்து கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்து, மறுபடி மேலே ஏறும் வால் முழுவதும் மூலம். நுனியில் கொடுக்கு, இரண்டு விண்மீன்கள் நெருக்கமாக. அதில் சௌலா என்ற ஒன்று, கேட்டைக்கு அடுத்து இந்தத் தேளில் அதிக ஒளியுள்ளது.

கயல் பிறந்த அன்று நிலா அந்த வாலுக்கு வடக்கே, அந்தப் பக்கமாக நின்றது. அவ்வளவுதான். நிலா 27 நாளும் கொஞ்சமும் எடுத்து ஒரு சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் மூலத்தில். அப்படியென்றால் ஊரில் 27 பேருக்கு ஒருவர் மூலம். அத்தனை பேருடைய மாமனாருக்கும் ஏதாவது ஆனதா? நம் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்

மாரி மாமா: தபால்காரர் சம்சாரம் மூலம். மாமனாருக்கு 91. இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார்

தங்கம் பெரியம்மா: அவர் விழுந்து கால் உடைந்ததே

மாரி மாமா: அது ஆடு குறுக்கே வந்தது

சுரேஷ் அண்ணன் மெல்பர்ன்: சித்தப்பா, நான் அனுப்பிய பைனாகுலர் இருக்கிறதா? பத்துக்கு ஐம்பது. அது போதும் இதற்கு

முருகேசன் சித்தப்பா: உங்கள் அப்பாவிடம் கேள்

ராமர் பெரியப்பா: தோட்டத்து வீட்டில் இருக்கிறது. பன்றி வருகிறதா என்று பார்க்க வைத்திருக்கிறேன்

சுரேஷ் அண்ணன் மெல்பர்ன்: அப்பா!! அது சித்தப்பாவுக்கு அனுப்பியது

ராமர் பெரியப்பா: பத்திரமாகத்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்

நான்: மூடின பெட்டியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் பெரியப்பா

ராமர் பெரியப்பா: பன்றி தெரிகிறது

மாரி மாமா: இந்த வருடம் உளுந்தெல்லாம் போச்சா அண்ணாச்சி?

ராமர் பெரியப்பா: பாதி போச்சு. சோலார் வேலி போட மானியம் கேட்டிருக்கிறேன்

(வேலி பற்றி இருபது செய்திகள்)

வெள்ளி இரவு

வசந்தா அத்தை: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். முருகேசா, அனுஷம் மூன்று விண்மீன்கள் என்றாயே. அதைத்தான் முடப்பனை என்பார்களா?

முருகேசன் சித்தப்பா: அக்கா, அந்தப் பாட்டு உங்களுக்குத்தான் தெரியும்

வசந்தா அத்தை: புறநானூறு 229. கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்தில் நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து விழுகிறது. அதைப் பார்த்து அரசனுக்கு என்ன ஆகுமோ என்று புலவர் கலங்குகிறார். ஏழாம் நாள் சேரமான் இறந்துபோகிறான். அந்த நேரத்தில் வானத்தில் எது எது எங்கே நின்றது என்று பாட்டிலேயே வரிசையாகச் சொல்கிறார். வளைந்த பனைபோல் இருக்கும் அனுஷமும் அதில் உண்டு. வருடா வருடம் வகுப்பில் நடத்தினேன். இதுதான் அனுஷம் என்று எனக்கு யாரும் வானத்தில் காட்டியதில்லை

ராமர் பெரியப்பா: பார்த்தாயா. அந்தக் காலத்திலேயே நட்சத்திரத்துக்குப் பயந்திருக்கிறார்கள்

வசந்தா அத்தை: புலவர் வானத்தைப் பார்த்துவிட்டுப் பயந்தார் அண்ணன். நாம் பார்க்காமலே பயந்தோம்

கயல் அக்கா: அத்தை

வசந்தா அத்தை: நானும் மூலம்தான். என்னைப் பெண் கேட்டு வந்த சாத்தூர்க்காரர்கள் நட்சத்திரமெல்லாம் பார்ப்பதில்லை என்றுதான் சொன்னார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி நம் மேல் விழும் என்று வேண்டாம் சொன்னது நம் வீடு. அதைப் பற்றி நான் இதுவரை பேசியதில்லை. கயலுக்கும் அது நடக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன்

ராமர் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராமர் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கம் பெரியம்மா: ராத்திரி நேரத்தில் பழைய கதை எதற்கு. எல்லோரும் தூங்குங்கள்

அப்பா: அக்கா சொல்வது சரி

நான்: அப்பா முழு வாக்கியம் எழுதியிருக்கிறார்

சனி

முருகேசன் சித்தப்பா: காலை வணக்கம். யாரும் எதையும் மாற்றாத வரைக்கும் நான் அமாவாசை என்றே வைத்துக்கொள்கிறேன். எதை எப்போது பார்ப்பது என்று எழுதுகிறேன், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்பது மணிக்குத் தென்கிழக்கில் அனுஷமும் கேட்டையும் மேலே வந்திருக்கும். அனுஷத்தில் நடுவில் உள்ளதை நன்றாகப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் அது திடீரென்று ஒளி கூடியது, வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. வேகமாகச் சுழலும் விண்மீன் அது, தன்னைச் சுற்றி வாயுவை வீசி வட்டமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு வரவழைத்துக் காட்டினேன்.

கேட்டையின் சிவப்பைச் செவ்வாய் என்று நினைத்துவிடுவார்கள். அது பெரிய கிழ விண்மீன், சூரியனைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு அகலம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியும் செவ்வாயும் அதற்குள்ளே போய்விடும். தூரம் 550 ஒளியாண்டு அளவு. ஒரு நாள் வெடிக்கும். நாளைக்கே வெடிக்குமா, லட்சம் வருடம் ஆகுமா என்று யாராலும் சொல்ல முடியாது

பானு அக்கா லண்டன்: வெடித்தால் கேட்டை நட்சத்திரக்காரர்களுக்கு?

மாரி மாமா: மூத்த மைத்துனருக்கு ஆகாது. நான் கேட்டைதான்

அம்மா: நீ சும்மா இரு

முருகேசன் சித்தப்பா: கேட்டைக்கு வலப்பக்கம், நிலாவின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு தள்ளிப் பைனாகுலரைக் கொண்டுபோனால் வட்டமாக ஒரு மங்கல் ஒளி தெரியும். அதன் பெயர் எம் 4. பல்லாயிரக்கணக்கான கிழ விண்மீன்கள் ஒன்றாய்த் திரண்ட கோளக் கொத்து. 6,000 ஒளியாண்டு தூரம்தான், இந்த வகையில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றில் ஒன்று. நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.

பதினொரு மணி வாக்கில் கொடுக்கும் நன்றாக மேலே வந்துவிடும். நான் எல்லோரையும் விழித்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். கொடுக்குக்கு இடப்பக்கம் சற்று மேலே வெறும் கண்ணுக்கே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். எம் 7. பழைய வானியலாளர் தாலமி 1,900 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது. பைனாகுலரில் பார்த்தால் கல்கண்டைத் தட்டிக் கொட்டியதுபோல் இருக்கும். ஏறக்குறைய 1,000 ஒளியாண்டு. நாம் பார்க்கப்போகும் ஒளி ராஜேந்திர சோழன் காலத்தையொட்டிக் கிளம்பியது. அதற்கு மேலே, சற்று வலப்பக்கம் எம் 6, வண்ணத்துப்பூச்சிக் கொத்து. வால் வளைந்து திரும்பும் இடத்தில் இன்னொரு கொத்து, பார்த்தால் வால்மீன் என்று தோன்றும். இந்தப் பக்கத்தில்தான், கொடுக்குக்கும் தனுசுக்கும் நடுவே, நம் பால்வீதியின் மையமே இருக்கிறது, சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால்.

வானத்தில் இவ்வளவு நிறைந்த இடம் வேறு இல்லை. அதைப்போய் நிர்மூலம் என்று சொல்லி ஒரு பெண்ணை வீட்டிலேயே உட்கார வைத்தோம்

கயல் அக்கா: சித்தப்பா, நான் வெள்ளி ராத்திரியே பஸ் ஏறுகிறேன்

சுரேஷ் அண்ணன் மெல்பர்ன்: இங்கே ஜூனில் நடு ராத்திரிக்குக் கொடுக்கு நேர் உச்சிக்கு வந்துவிடும். ஆனால் குளிர். தீபா என்னைப் பைத்தியம் என்கிறாள்

பானு அக்கா லண்டன்: எங்களுக்கு?

முருகேசன் சித்தப்பா: அங்கே கேட்டையே 12 பாகைக்கு மேல் ஏறாது பானு. வாலின் வளைவு அடிவானத்தைத் தாண்டாது. நம் ஊரில் கேட்டை 54 பாகை வரை ஏறும். இங்கே பிறந்தவர்களுக்குக் கிடைத்த வானம் இது

பானு அக்கா லண்டன்: அப்போ ஆடியில் வரும்போது காட்டுங்கள்

முருகேசன் சித்தப்பா: ஆடியில் இன்னும் வசதி. இருட்டியதும் தெற்கே நிற்கும். மேகம் மட்டும் ஒத்துழைக்க வேண்டும்

மாரி மாமா: காவலூருக்கே ஒரு வேன் போட்டுப் போய்விடலாமே. பெரிய தொலைநோக்கி இருக்கிறதாமே

முருகேசன் சித்தப்பா: ஜவ்வாது மலையில். 2.34 மீட்டர் கண்ணாடி. 1986-இல் அதற்கு வானியலாளர் வேணு பாப்பு பெயர் வைத்தார்கள். அது ஆராய்ச்சிக்கு உரியது மாரி. முதலில் நம் மாடியில் பார்ப்போம். மாடிக்கு எதிரே ஊராட்சி விளக்கு ஒன்று எரிகிறது, அதற்கு என்ன செய்வது?

ராமர் பெரியப்பா: லைன்மேனிடம் பேசிப் பார்க்கிறேன்

நான்: பெரியப்பா, அப்போ அமாவாசைதானா?

ராமர் பெரியப்பா: விளக்கைப் பற்றிச் சொன்னேன்

சுரேஷ் அண்ணன் மெல்பர்ன்: ஒரு யோசனை. மாப்பிள்ளையையும் கூப்பிட்டால் என்ன

தங்கம் பெரியம்மா: கல்யாணத்துக்கு முன்னால் ராத்திரி மொட்டை மாடிக்கா?

சுரேஷ் அண்ணன் மெல்பர்ன்: அம்மா, முப்பது பேர் இருப்போம்

கயல் அக்கா: நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். வருகிறாராம். அவர் அப்பாவும் வரலாமா என்று கேட்கிறார்

மாரி மாமா: மாமனாரேவா!

அம்மா: கயல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்கள் வந்தால் எங்கே படுக்க வைப்பது

அப்பா: மாடியில்

தங்கம் பெரியம்மா: அவர் அப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?

கயல் அக்கா: பெரியம்மா, தயவுசெய்து வேண்டாம்

வசந்தா அத்தை: வரச் சொல் கயல். அவருக்கு வாலையும் கொடுக்கையும் நானே காட்டுகிறேன். முருகேசா, அதற்கு முன்னால் எனக்கு ஒரு முறை தனியாகக் காட்டிவிடு. வியாழக்கிழமையே வந்துவிடுகிறேன்

முருகேசன் சித்தப்பா: வாங்க அக்கா. வியாழனும் நிலா விடியலில்தான் வரும், வானம் இருட்டாகவே இருக்கும்

ராமர் பெரியப்பா: வசந்தா, நீ பஸ்ஸில் வர வேண்டாம். நானே வந்து கூட்டிப்போகிறேன். பைனாகுலரையும் எடுத்து வருகிறேன்

வசந்தா அத்தை: சரி அண்ணன்

நான்: டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் நான் வாங்கி வருகிறேன். சித்தப்பா, செல்போன் பார்க்கலாமா?

முருகேசன் சித்தப்பா: கூடாது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு தடவை போனைப் பார்த்தால் அத்தனையும் வீண்

அம்மா: அவர்கள் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சொல்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

ராமர் பெரியப்பா: சனிக்கிழமை பார்த்துவிட்டுப் பேசலாம். ஜோசியரிடம் நான் இன்னும் போகவில்லை

தங்கம் பெரியம்மா: அப்போ விசாகத்துக்கு யார் யார் வருகிறீர்கள்? அதையும் சொல்லிவிடுங்கள், ரூம் போட வேண்டும்

மாரி மாமா: பாய் எத்தனை எடுக்க? வேனா, இரண்டு காரா?