30 பேரோட சர்ச் கல்யாணம், அப்பா சம்மதிக்கல. நீங்க என்ன சொல்லுதிய?

குழித்துறை மச்சான்:
எனக்க தம்பிக்கு கல்யாணம். நாங்க மார்த்தாண்டம் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), பொண்ணு கேரளாவுல பாறசாலை பக்கம் லத்தீன் கத்தோலிக்க குடும்பம், ரெண்டு பேருக்கும் திருவனந்தபுரத்துல வேலை. பொண்ணுக்க பங்கு கோயில்ல 30 பேர வச்சு தாலி கட்டிட்டு, மதியம் பொண்ணு வீட்டு முத்தத்துல சாப்பாடு, அவ்வளவுதான்னு ரெண்டுபேரும் முடிவு பண்ணிட்டாவ. மண்டபம் இல்ல, டிரோன் இல்ல, பேண்டு இல்ல. பொண்ணு வீட்ல சரின்னுட்டாவ. எங்க அப்பாதான் "ஊர்ல ஒரு வீடு விடாம போயி தின்னுட்டு வந்திருக்கேன், அவனுவ முகத்துல எப்படில முழிப்பேன்"னு ரெண்டு நாளா சோறே ஒழுங்கா திங்கல. நான் தம்பி பக்கம்.

திருவட்டார் அண்ணாச்சி:
அப்பா சொல்லுறதுதான் நியாயம் தம்பி. எங்க வீட்ல பாட்டா (தாத்தா) எழுதி வச்ச சுருள் நோட்டு, அதாவது மொய் நோட்டு இருக்கு, இன்னார் ரெண்டு ரூபா, இன்னார் அஞ்சு ரூபா, ஒருத்தர் பேருக்கு நேர வெறும் "ஒரு குலை ஏத்தங்காய்"னு மட்டும் இருக்கு. அந்த குலை தந்த ஆளுக்க பேரன் கல்யாணத்துக்கு நாங்க போனோம்லா, அப்படித்தான் ஊர் ஓடுது. உங்க அப்பா செஞ்ச சுருள திருப்பிச் செய்ய எத்தன பேரு காத்துக்கிட்டு இருப்பாவ, அவங்களுக்கு இடமே குடுக்காம விட்டா அவங்க கடன்காரனாவே இருக்கணுமா? வேதத்துல பாருங்க, கானாவூர் கல்யாணத்துல ஆறு கற்சாடி, ஒண்ணுக்கு ரெண்டு மூணு குடம் பிடிக்கும்னு யோவான் 2ல போட்டிருக்கு. 30 பேருக்கா அவ்வளவு ரசம்?

பாறசாலைக்காரி:
அண்ணாச்சி, அதே யோவான் 2ல ஆண்டவர் வந்து அற்புதம் செய்ய வேண்டி வந்ததே ரசம் தீந்து போனதாலதான் 😄 ஆள் எண்ணி விளிச்சிருந்தா அந்த வீட்டுக்காரனுக்கு அந்த பாடு வந்திருக்காது. சீரியஸா சொன்னா, எங்க கத்தோலிக்க சபையில கல்யாணம் செல்லுபடியாக அச்சனும் (பாதிரியாரும்) ரெண்டு சாட்சியும் இருந்தா போதும். 2020ல கொரோனா சமயம் 50 பேருக்கு மேல கூடாதுன்னு அரசாங்கம் சொன்னப்போ கட்டுனவங்க இப்போ புள்ள குட்டியோட நல்லாத்தான் இருக்காவ, அவங்க கல்யாணம் என்ன பாதி கல்யாணமா?

திருவட்டார் அண்ணாச்சி:
கொரோனா கட்டாயம் மக்ளே. வேண்டாம்னு நெனச்சு யாரும் விளிக்காம இருக்கல.

வேர்க்கிளம்பி மயினி:
நான் அண்ணாச்சி பக்கம், ஆனா சுருளுக்காக இல்ல. நம்ம ஊர்ல சத்தமில்லாம கல்யாணம் நடந்தா முதல்ல என்ன பேசுவாவன்னு எல்லாருக்கும் தெரியும், "என்னவோ நடந்திருக்கு அதான் அவசரமா முடிச்சாவ"ம்பாவ, புள்ள பொறக்குத வரைக்கும் விரல் விட்டு எண்ணுவாவ. அந்த பேச்சு பையன் தலையில விழாது, இஞ்ச வந்து வாழப்போற பொண்ணு தலையிலதான் விழும். அவ மலையாளம் பேசுத புள்ள வேற. புது ஊர்ல தண்ணி பிடிக்கப் போனா கூட பத்து பேருக்கு அவள தெரியணும், அதுக்குத்தான் அந்த மேடையும் பந்தியும்.

கோர்ட்டு பக்கத்து கடை:
பிரைவேட் பிரைவேட்டுங்கிய, ஓலை வாசிப்ப என்ன செய்வியோ? ரெண்டு கோயில்லயும் ஞாயிற்றுக்கெழம பூசையிலயும் ஆராதனையிலயும் பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் வாசிப்பாவ, பொண்ணு கத்தோலிக்கம் பையன் சிஎஸ்ஐங்கதால ஆயர்கிட்ட அனுமதியும் வாங்கணும், அத இப்பவே தொடங்குங்க. அதனால மயினி பயப்படுத மாதிரி ஒளிச்சு கட்டுத கல்யாணமே இது இல்ல, ஊருக்கே தெரிஞ்சுதான் நடக்கும், சாப்பாடு மட்டும் 30 பேருக்கு. கோயில் கதவ சாத்த முடியாது, யாரும் வந்து பின்னால நிக்கலாம். அப்புறம் ரெஜிஸ்டர்: கல்யாணம் பாறசாலையில நடக்கதால கேரள 2008 விதிப்படி அங்க உள்ள பஞ்சாயத்துல 45 நாளுக்குள்ள குடுத்திரணும். நம்ம தமிழ்நாட்டு 2009 சட்டத்துல உள்ள 90 நாள் கணக்க அங்க கொண்டு போவாதிய.

இன்னொண்ணு. பழைய திருவிதாங்கூர்ல 1916 கிறிஸ்தவ வாரிசுரிமை சட்டப்படி மகளுக்கு மகன் பங்குல கால்வாசி இல்ல 5000 ரூபா, எது குறைவோ அதுதான் ஸ்ரீதனமா கிடைக்கும். 1986ல மேரி ராய்ங்கற பெண் போட்ட கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுச்சு. தீர்ப்பு வந்த பெறவும் நம்மாளுவ பங்க எழுதிக் குடுக்காம நகையும் பந்தலும் போட்டு கணக்க முடிக்காவ. மண்டப காச மகளுக்க பேர்ல ரெண்டு சென்ட் நெலமா போட்டா எந்த வாய் என்ன பேசினா என்ன?

வேர்க்கிளம்பி மயினி:
நெலம் நல்லதுதான், அத பையன் வீட்டுக்காரங்க நீங்க சொல்ல முடியாது. பொண்ணுக்க அப்பா சொல்லணும்.

பாறசாலைக்காரி:
மயினி சொன்னது சரி. ஆனா பந்தில பாத்தவன் எவனும் அடுத்த வருஷம் பொண்ணு பேர ஞாபகம் வச்சிருக்க மாட்டான், பிரதமன்ல சர்க்கரை கூடிப்போச்சுன்னு மட்டும் ஞாபகம் வச்சிருப்பான். பொண்ண ஊருக்கு தெரியணும்னா கல்யாணம் கழிஞ்சு முதல் ஞாயிறு அவள உங்க சபைக்கு கூட்டிட்டு போயி, ஆராதனை முடிஞ்சதும் எல்லாருக்கும் ஒரு சாயாவும் கேக்கும் குடுங்க.

திருவட்டார் அண்ணாச்சி:
சாயாவும் கேக்குமா! சுருள எங்க வைக்கது, கப்புக்கு அடியிலயா?

குழித்துறை மச்சான்:
😂 அண்ணாச்சி, அந்த சாயா யோசனைய அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்சம் எறங்கி வந்தாரு. 30 பேர் லிஸ்ட நான் எழுதுதேன்னு நோட்ட வாங்கிட்டு போனாரு, திரும்பி பாத்தா 26 பேரு அவருக்க கூட்டாளிமாரு, எங்க அம்மா பேர் கூட இல்ல. தம்பி இன்னும் பாக்கல.