புதுப்பிப்பு: பிளாக்கியின் முழங்கால் அறுவையும் மரத்துப்போகும் ஊசியும்

போன வாரம் கேட்டிருந்தேனே, எங்கள் நாய் பிளாக்கியின் முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி இரவு வரை தாங்குமா என்று? தாங்கியது.

தொடை நரம்பு, இடுப்பு நரம்பு இரண்டையும் சுற்றி புபிவகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தைப் போட்டார்கள். தனியாகப் போட்டால் சில மணி நேரம்தான். கூடவே துளியளவு டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மயக்கமூட்டும் மருந்தைச் சேர்த்தால் மரப்பு நீளுமாம். ஆனால் அது இதயத்துடிப்பைக் குறைக்கும், அதனால் டாக்டர் மானிட்டரைவிட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.

சிலர் சொன்ன 72 மணி நேர லிப்போசோம் புபிவகெயின் (நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்து, மெதுவாக வெளிவரும் அதே மருந்து) 2016இல் அமெரிக்காவில் நாய்களுக்கு இதே அறுவைக்காக அனுமதி பெற்றது. அதை வெட்டிய இடத்துத் திசுக்களில் செலுத்துவார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

இரவு 9 மணிக்குப் பெரம்பூர் வீட்டில் தயிர்சாதம் தின்றான், முனகவே இல்லை. உணர்வு திரும்பும் முன்பே டாக்டர் தந்த வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டோம். அப்புறம், மரத்த பாதம் மடங்கித் தரையில் தேயும். துண்டால் இடுப்பைத் தாங்கியே நடக்க விடுங்கள்.