புதுப்பிப்பு: சேரன்மகாதேவி கிணற்று மோட்டார்

எங்கள் 5 எச்பி மோட்டார் சூடாகிறது, தண்ணீரும் குறைவு, புதிது வாங்கவா என்று கார் பருவ நெல் நடவுக்கு முன்னால் கேட்டிருந்தேன். வாங்கவில்லை. 2 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு) கெப்பாசிட்டர் மாட்டியதும் சர்வீஸ் வயரில் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 7.5 ஆம்பியரிலிருந்து 6.2க்கு இறங்கியது. லைனில் வீணாக ஓடும் கரண்ட் குறைந்ததால் வோல்டேஜும் கொஞ்சம் ஏறியது.

தண்ணீர் கூடியது வேறு வேலையால். கிணற்றுத் தண்ணீரை இழுக்கும் சக்‌ஷன் பைப்பில் தேவையில்லாத எல்போக்களை (வளைவுகளை) எடுத்து, அதன் அடிமுனையிலுள்ள ஃபுட் வால்வில் அடைத்திருந்த பாசியைச் சுரண்டினோம். இப்போது தொட்டியில் தண்ணீர் பைப் நிறைய விழுகிறது.

விவசாய மின்சாரம் 1990 முதல் இலவசம், பில்லில் நமக்கு மிச்சமில்லை, சரி. ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் அத்தனை மோட்டாருக்கும் கெப்பாசிட்டர் நல்லது. பக்கத்து வயல்காரர்களும் மாட்ட வேண்டும்.

கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கு அப்புறம், மோட்டார் பக்கம் மாட்டச் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி. மோட்டாரை நிறுத்தினால் கெப்பாசிட்டரும் லைனிலிருந்து விலகிவிடுகிறது.