அக்கா சபைக்கு போயிட்டா, அம்மாவ எப்படி சமாளிக்கிறது?

வணக்கம் மக்களே, தூத்துக்குடி பக்கம் கடற்கரை ஊரு எங்களுக்கு. புனித சவேரியார் 1542ல மதம் பரப்ப வர்றதுக்கு முன்னாடியே ஞானஸ்நானம் வாங்குன கத்தோலிக்க சனம்னு அம்மாவுக்கு அவ்ளோ பெருமை. இப்போ அக்கா பெந்தெகொஸ்தே சபைல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டா, கம்மலெல்லாம் கழட்டியாச்சு, வீட்டுக்கு வந்தா மாதா சுரூபம் இருக்குற ரூம்ல உக்காரவே மாட்டேங்கா. ஏன்க்கானு கேட்டா, புள்ளைக்கு காய்ச்சல் வந்த அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு சபைல இருந்து நாலு பேரு கஞ்சியோட வந்து முழங்கால் போட்டு ஜெபம் பண்ணாங்க, நம்ம கோயில்ல இருந்து வரி பாக்கி கேக்க மட்டும்தான வருவாங்கன்னு சொல்லுதா. என்கிட்ட பதில் இல்ல.

நானும் பூசைக்கு ஒழுங்கா போறவன் கிடையாது, ஆனா ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழான்னா எங்க இருந்தாலும் ஊருக்கு வந்துருவேன், என்னைய பிடிச்சு வச்சிருக்கது அதுதான்னு நெனைக்கேன்.

அம்மா தினமும் ஜெபமாலைய கைல வச்சுட்டு அழுவுறாவ. திரும்பி வந்தா மறுபடியும் ஞானஸ்நானம் வேணுமோன்னு வேற பயம், அது வாழ்க்கைல ஒரு தடவதான், சாமியார்கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணா போதும்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க வீட்ல இப்படி ரெண்டா இருக்கீங்களா? திருவிழா சாப்பாட்டுக்கு அக்காவ கூப்பிடலாமா, இல்ல சண்டைதான் வருமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ், சபைய திட்டி கமென்ட் மட்டும் வேணாம்.