ஹீலியத்தில் தொலைந்த 1.02: அணு நிறைக் கணக்கில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

திருச்சிக்காரி

வாய்மொழித் தேர்வு முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் ஓர் எண் என்னை விடவில்லை. ஹீலியத்தின் பிணைப்பாற்றலை, அதாவது அணுக்கருவின் துகள்களைப் பிணைத்துவைத்திருக்கும் ஆற்றலை, கரும்பலகையில் கணக்கிடச் சொன்னார்கள். புரோட்டானின் 1.007276, நியூட்ரானின் 1.008665 இரண்டையும் இரட்டித்துக் கூட்டி, அட்டவணையில் ஹீலியத்துக்கு இருந்த 4.002603-ஐக் கழித்து, கிடைத்த 0.029279 அணு நிறை அலகை, ஓர் அலகுக்கு ஈடான ஆற்றலாகிய 931.494-ஆல் பெருக்கி, 27.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதிக் கோடும் இழுத்தேன். புறத் தேர்வாளர் எழுந்து வந்து பக்கத்தில் 28.30 என்று எழுதினார். முழுமைப்படுத்தாத மதிப்புகளில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து 1.02 என்று காட்டி, "இந்த எண்ணை இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறாயம்மா?" என்று மட்டும் கேட்டார். காமா கதிர் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாக மாறக் குறைந்தது 1.02 வேண்டும் என்று அன்று காலைதான் ஒப்பித்திருந்தேன்; இரண்டு எலக்ட்ரான்களின் நிறைக்கு ஈடான ஆற்றல் அது. அட்டவணை தருவது எலக்ட்ரான்களையும் சேர்த்த அணுவின் நிறை, நான் எடுத்ததோ வெறும் புரோட்டானின் நிறை என்பது அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, இது அலகு மாற்றத்தில் வந்த பிழையே அன்று. எந்த நிறையை எடுக்கிறோம் என்பதில் வந்த பிழை. புரோட்டானுக்குப் பதில் ஹைட்ரஜன் அணுவின் 1.007825-ஐ எடுத்திருந்தால் எலக்ட்ரான்கள் தாமாகவே கழிந்திருக்கும். நானும் சோடியம்-22 பாசிட்ரானை உமிழும் கணக்கில், 1.82 வரவேண்டிய இடத்தில் 2.84 என்று வகுப்பில் எழுதி, முன்வரிசைப் பையன் ஒருவனால் திருத்தப்பட்டவன்தான்.

இருந்தாலும் இதைப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கிலோகிராம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். புரோட்டான் 1.673×10⁻²⁷, நியூட்ரான் 1.675×10⁻²⁷ என்று நான்கு இலக்கங்களோடு நிறுத்திக் கழித்தால், நிறை வேறுபாடு 2×10⁻³⁰ கிலோகிராம், அதாவது 1.12 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று வரும். உண்மையில் அது 1.293. அதிலிருந்து எலக்ட்ரானின் 0.511-ஐயும் கழித்து நியூட்ரான் சிதைவின் ஆற்றலைக் கண்டால், 0.782 இருக்க வேண்டிய இடத்தில் 0.61 வந்து நிற்கும். ஏறக்குறைய சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், நாம் அலட்சியமாக வெட்டிய வால்தான் விடையாகிறது. 931.494-க்குப் பதில் 931 என்று போட்டால்கூட ஹீலியத்தில் 0.015 அளவுக்கே வேறுபடும். ஆனால் நிறையில் ஓரிரு இலக்கங்களைக் குறைத்தால் விடையே போய்விடும். பெருக்குவதற்கு முன் கழியுங்கள், கழிப்பதற்கு முன் முழுமைப்படுத்தாதீர்கள்.

பார் முப்பத்தொன்று

ஐயா, கிலோகிராமைத் தவிர்க்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மேல்நிலைத் தேர்வில் வினாத்தாளே எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில்தான் கொடுத்தது. மடக்கை அட்டவணையில் மேலே கோடு போட்ட 31-ஐக் கூட்டிக் கழித்து எழுதியவர்கள் நாங்கள். கல்லூரிக்கு வந்து கால்குலேட்டர் கையில் கிடைத்ததும், 9.109-ஐ அழுத்தி, பெருக்கல் குறியிட்டு, 10 அழுத்தி, அதன்பின் 'எக்ஸ்ப்' விசையை அழுத்தினேன். அந்த விசையே பத்தின் அடுக்கைக் குறிக்கும் என்பதால் அங்கே ஒரு பத்து கூடுதலாகிவிட்டது, திரையில் 5.11 என்று வந்தது. விடை 0.511 என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே புள்ளியை ஓரிடம் தள்ளி எழுதினேன். முழு மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில், விடை முன்கூட்டித் தெரியாத ஓர் அயனியின் நிறையை அதே பழக்கத்தோடு கணக்கிட்டபோது எனக்கு உதவப் புள்ளி எதுவும் இல்லை. அந்த முழு மதிப்பெண்ணை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பாடநூல்களில் நீங்கள் நிறை என்பது திணிவு. நீங்கள் எடை என்பதே எங்களுக்கு நிறை. தமிழகத்தில் அச்சான பயிற்சித்தாள் ஒன்றில் "எலக்ட்ரானின் நிறை 9.11×10⁻³¹" என்று கண்ட என் மாணவன், அலகைப் பார்க்காமலே, திணிவைப் பெறுவதற்காக அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகல் (உங்கள் முடுக்கம்) 10-ஆல் வகுத்து, இலத்திரனுக்கு 0.0511 மெகா இலத்திரன்வோல்ற்று என்று கொண்டுவந்தான். மேலே எழுதியவருடைய புள்ளி ஒருபக்கம் நகர்ந்தது, இவனுடையது மறுபக்கம். அவனைக் கடிந்துகொண்டது என் தவறு; தாளைத் திருத்திக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

புரதக்காரர்

உயிர்வேதியியலில் நாங்கள் இதே அணு நிறை அலகை டால்டன் என்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் எனப்படும் புதிய துகளை அறிவித்த வாரத்தில், விடுதி உணவறையில் ஓர் இயற்பியல் நண்பர் அதன் நிறை 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்பதை மலையளவு பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தில் அதை 0.931-ஆல் வகுத்தேன், 134 டால்டன். ஒரு சீசியம் அணுவே 133. ஏறத்தாழ 64,500 டால்டன் உள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று, ஹிக்ஸ் துகளைப்போல 480 மடங்கு கனம் என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அடிப்படைத் துகள் ஒன்றுக்குள் அவ்வளவு நிறை அடங்கியிருப்பதே வியப்பு என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்று அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மேலும், அலகுக் குழப்பத்தை மாணவர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை 16 என்று இயற்பியலாளரும், இயற்கையில் கிடைக்கும் ஆக்சிஜன் கலவையை 16 என்று வேதியியலாளரும் வைத்துக்கொண்டு, 1961-இல் கார்பன்-12 பொதுவாகும் வரை பெரியவர்களே இரண்டு அளவுகோல்களோடுதான் இருந்தார்கள்.

துல்லியன்

முதல் பதிவில் உள்ள 28.30-உம் முழுத் துல்லியமானதன்று. ஹீலியத்தின் இரு எலக்ட்ரான்களையும் பிரித்தெடுக்க 79 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சேர்த்து 27.2 போதும். அந்த 52 எலக்ட்ரான் வோல்ட்டை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

திருச்சிக்காரி

பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. தேர்வாளர் அதைக் கேட்காமல் விட்டாரே என்று நிம்மதி அடைகிறேன்.

ஆசிரியர் ஐயா, அலகு மாற்றப் பிழை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணு நிறை அலகில் அந்த வேறுபாடு வெறும் 0.0011, அதை அப்படியே கரும்பலகையில் எழுதியிருந்தால் இன்றுவரை எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் அது 1.02 ஆயிற்று.